அறுபத்தொன்றாவது ஊசி

கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் தன் பெயரைப் பார்த்ததும் தங்கைக்குத் தூக்கிவாரிப் போட்டது. படுத்திருந்தது அக்கா. மறுநாள் காலை பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவள் அக்கா. மூன்று வாரமாக வலியில் சுருண்டு கிடந்து வீட்டையே இரண்டாக்கியவளும் அக்காதான். அட்டையில் மட்டும் தங்கையின் பெயர், தங்கையின் வயது நாற்பத்தேழு, அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் "ஒவ்வாமை: எதுவும் இல்லை."

"அக்கா, என் பேர் எதுக்கு இங்க தொங்குது?"

"கூட இருக்கிற ஆள் யாருன்னு கேட்டாங்க, சொன்னேன். அதைத் தொங்க விட்டிருப்பாங்க" என்றாள் அக்கா, கண்ணைக்கூடத் திறக்காமல். "வந்ததும் வராததுமா கேள்வி. அந்தத் தலையணையைச் சரியா வை முதல்ல."

தங்கை தலையணையைச் சரியாக வைத்தாள். அக்கா சொன்னால் செய்துவிடுவது பிறந்ததிலிருந்து வந்த பழக்கம். ஆனால் கண் அந்த அட்டையை விட்டு நகரவில்லை. கூட இருக்கிற ஆளின் வயதை எதற்கு எழுதுவார்கள்? கூட இருக்கிற ஆளுக்கு ஒவ்வாமை இருந்தால் இவர்களுக்கு என்ன, இல்லாவிட்டால் என்ன?

"உன்னை இங்க யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டாங்களாக்கா?"

"பேரா? இங்க யாரு பேர் சொல்றாங்க? எட்டு ஒண்ணு ஏழு மூணுன்னு கூப்பிடுறாங்க, நான் எந்திரிச்சுப் போறேன். மரியாதையாத்தான் கூப்பிடுறாங்க. எட்டு ஒண்ணு ஏழு மூணு அம்மான்னு."

இந்த எண் மரியாதையின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்பு அந்த ஆஸ்பத்திரிக்கு ஞானம் பிறந்தது. நோயாளிகள் மறந்துபோகிறார்கள், உளறுகிறார்கள், ஒரே பெயரில் நாலு பேர் வந்து நிற்கிறார்கள், மயக்கத்தில் கிடப்பவர்களோ கொஞ்சம்கூட ஒத்துழைப்பதில்லை. நோயாளிகளை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி நடத்துவது எவ்வளவு சிரமம் என்பது நிர்வாகத்துக்குத்தான் தெரியும். ஆகவே ஒவ்வொருவர் தோளிலும் அரிசி அளவு சிப் ஒன்றை ஊசியால் ஏற்றிவிடுவது என்று முடிவானது. பெயர், வயது, ரத்த வகை, பழைய நோய்கள், ஆகாத மருந்துகள் எல்லாம் அதற்குள். படிப்பதற்கு ஒரு கருவி. அது பார்க்கச் சின்ன இஸ்திரிப்பெட்டி மாதிரி இருக்கும்; தோளில் ஒரு தேய் தேய்த்தால் ஆளின் சரித்திரமே திரையில் வந்து விழும். வாசலில் பெரிய பதாகை: "உங்களை நாங்கள் மறக்க மாட்டோம்." அதில் ஒரு குடும்பமே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பல்லைக் காட்டியது.

சிப் வந்ததும் மற்றதெல்லாம் குப்பையானது. போட்டோ வேண்டாம், முகம் மாறும், சிப் மாறாது. தாள் வேண்டாம், கிழியும். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம், நேரம் வீண், சிப் எண்ணின் கடைசி நாலு இலக்கம் போதும். விண்ணப்பத்தில் "நோயாளி சொல்வது" என்று முன்பு ஒரு கட்டம் இருந்தது. அதையும் எடுத்துவிட்டார்கள். நோயாளி சொல்லி என்ன ஆகப்போகிறது?

சிப் ஏற்றும் முகாமுக்கு அக்காவும் தங்கையும் சேர்ந்துதான் போனார்கள். ஒரு வாரம் முன்பே எல்லோரிடமும் விவரம் வாங்கி, சிப்பில் ஏற்றி, ஒவ்வொரு சிப்பையும் ஒவ்வோர் ஊசிக்குள் வைத்து, டோக்கன் வரிசைப்படி தட்டில் அடுக்கியிருந்தார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடுக்கிய வேலை. அக்காவின் டோக்கன் அறுபத்தொன்று, தங்கையினுடையது அறுபத்திரண்டு.

அக்கா பஸ் நிலையத்தில் இருபது வருடமாக டிக்கெட் கொடுப்பவள். வரிசையில் இடித்துக்கொண்டு வருபவனை ஒரே பார்வையில் பத்தடி பின்னால் தள்ளுவாள். அப்படிப்பட்டவள் ஊசியைக் கண்டால் மட்டும் பச்சைக் குழந்தை. காரணம் இருந்தது. இருபத்துமூன்று வருடத்துக்கு முன்பு தொண்டைப் புண்ணுக்கு ஒரு பென்சிலின் ஊசி போட்டார்கள். ஐந்து நிமிடத்தில் உதடு தடித்து, கண் மூடி, மூச்சு இழுத்துக்கொண்டு நின்றுவிட்டது. அன்றைக்கு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு "யாராவது வாங்க" என்று கத்தியவள் தங்கை. அந்த முகம் இன்னும் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஆகவே முகாமில் அறுபத்தொன்று என்று கூப்பிட்டபோது அக்காவின் கால் நகரவில்லை.

"நான் முதல்ல குத்திக்கிறேன், நீ பாரு. வலிச்சா நீ வர வேண்டாம்" என்று தங்கை போய் உட்கார்ந்தாள்.

ஊசியா அது, கோணி தைக்கிற ஊசி. உயிர் போய் உயிர் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி, "எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லக்கா" என்று சிரித்தாள். பிறகு அக்கா உட்கார்ந்தாள். ஊசி போட்டவர் தலை நிமிரவே இல்லை. தட்டில் அறுபத்தொன்று எடுத்தார், குத்தினார். அறுபத்திரண்டு எடுத்தார், குத்தினார். இரண்டு முறையும் இஸ்திரிப்பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. சிப் உயிரோடு இருக்கிறது என்பது அதற்குத் தெரிந்தது. எந்த ஆளுக்குள் இருக்கிறது என்று கேட்பது அதன் வேலை இல்லை.

இப்போது கால்மாட்டு அட்டையைப் பார்த்தபடி நின்ற தங்கைக்கு அந்த அறுபத்தொன்றாவது ஊசி தன் தோளில் இருக்கிறது என்பது விளங்கியது. "ஒவ்வாமை: எதுவும் இல்லை" என்பது பச்சை உண்மை. தங்கையைப் பற்றிய உண்மை. அதைக் கொண்டுவந்து அக்காவின் காலடியில் மாட்டியிருக்கிறார்கள்.

அவள் வார்டு நர்ஸிடம் ஓடினாள். நர்ஸ் கெட்டவள் இல்லை. இருபத்தெட்டுக் கட்டிலுக்கு ஒருத்தி.

"சிஸ்டர், நாளைக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி பென்சிலின் போடுவீங்களா?"

"அந்த வகையில ஒரு டோஸ் உண்டும்மா. எல்லாருக்கும் போடுறதுதான்."

தங்கை மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். நர்ஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எழுந்து வந்து, அக்காவின் தோளில் இஸ்திரிப்பெட்டியை வைத்தாள்.

"பாருங்க. ஒவ்வாமை இல்லைன்னு வருது."

"அது என்னோட விவரம் சிஸ்டர்! அக்கா, நீயே சொல்லேன்."

"எனக்கு அந்த ஊசி ஆகாதும்மா. ஒரு தடவை செத்துப் பொழைச்சேன்" என்றாள் அக்கா. டிக்கெட் கவுண்டரில் கேட்கும் குரல் இல்லை அது. வெள்ளை உடையைக் கண்டதும் தேய்ந்துபோன குரல்.

"பயப்படாதீங்கம்மா. ஊசிக்குப் பயந்துக்கிட்டு நிறைய பேர் இப்படித்தான் சொல்லுவாங்க. சிப்புல அப்படி எதுவும் இல்ல."

"அப்படியா? சரி, அவங்களுக்குத் தெரியாததா" என்று அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டாள். முடியாது, பித்தப்பையில் சீழ் கட்டுகிறது, தள்ளினால் வெடிக்கும். பெரிய டாக்டரைப் பார்க்க முடியுமா? அவர் வேறு ஆஸ்பத்திரியில் இருக்கிறார், காலையில் நேராகத் தியேட்டருக்குத்தான் வருவார். ஒரு துண்டுத் தாளில் எழுதியாவது ஒட்டிவைக்கக் கூடாதா? தாள் கூடாது, இது தாளில்லா ஆஸ்பத்திரி. நர்ஸ் குரலைத் தாழ்த்தி, "சிப்புல இல்லாததை நான் சேர்க்கவே முடியாதும்மா, திரை விடாது. மூணாவது மாடியில அடையாளப் பிரிவு இருக்கு. நாலரைக்கு மூடிடுவாங்க, சீக்கிரம் போங்க" என்றாள்.

அடையாளப் பிரிவில் ஒரு அதிகாரி இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். டையில்கூட ஆஸ்பத்திரி முத்திரை. மேசையில் ஒரு தூசு இல்லை, ஒரு தாள் இல்லை, வேலை இருப்பதற்கான எந்த அறிகுறியும் இல்லை. தங்கை வாயைத் திறப்பதற்குள் அவள் தோளில் இஸ்திரிப்பெட்டியை வைத்தார். திரையில் சிவப்பு எழுத்து மின்னியது.

"வயசு ஐம்பத்தொண்ணு. மேடம், உங்களுக்குப் பென்சிலின் ஆகாது. ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்."

"எனக்கில்ல சார், எங்க அக்காவுக்கு."

"நீங்கதான் அக்கா."

"நான் தங்கச்சி!"

"நீங்க தங்கச்சின்னு நினைக்கிறீங்க" என்றார் அதிகாரி. குரலில் அவ்வளவு கனிவு.

தங்கைக்கு ஒரு கணம் தனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிறகு முகாமில் நடந்ததைச் சொன்னாள். அதிகாரி தலையாட்டிக் கேட்டார். இந்த மாதிரித் தப்பு கோடியில் ஒன்றுதான் நடக்கும் என்றார். அந்த ஒன்று நான்தான் சார் என்றாள். அந்த ஒன்று இன்னும் வரவில்லை என்று புள்ளிவிவரம் காட்டினார்.

"சரி சார். இதைத் திருத்த என்ன செய்யணும்?"

"ரொம்ப சுலபம். சம்பந்தப்பட்டவங்க நேர்ல வந்து விண்ணப்பம் கொடுக்கணும். வந்தவங்க யாருங்கிறதை மட்டும் நிரூபிச்சுட்டாப் போதும்."

"எதை வச்சு நிரூபிக்கணும்?"

"சிப்பை வச்சுத்தான்."

"அதாவது, தப்பான சிப்பைத் திருத்தணும்னா, அந்தத் தப்பான சிப்பை வச்சே நான் யாருன்னு நிரூபிக்கணும்?"

"கரெக்ட்! பலருக்கு இது புரியவே புரியாது மேடம்" என்று அவர் மகிழ்ந்துபோனார். "நிரூபிச்சதும் குழு பார்க்கும். குழு அடுத்த மாசம் முதல் செவ்வாய்க்கிழமை கூடுது."

தங்கை பையிலிருந்து தன் வேலை அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். அதில் போட்டோ இருந்தது, பெயர் இருந்தது. அது வெளி ஆவணம் என்று அதிகாரி விரல் நுனியால் திருப்பித் தள்ளினார். அப்போதுதான் அவளுக்குப் பொறுமை போயிற்று.

"அந்த அட்டை எந்த இடத்தோடது தெரியுமா சார்? பெரிய சலவை நிலையம். அங்க பதினெட்டு வருஷமா துணிக்குக் குறி போடுறேன். ஒரு நாளைக்கு மூவாயிரம் உருப்படி. ஓட்டல் துணி, விடுதித் துணி, உங்க ஆஸ்பத்திரி விரிப்புகூட என் கையிலதான் வருது. எல்லாம் ஒரே வெள்ளை. இத்தனை வருஷத்துல ஒரு தலையணை உறை இடம் மாறிப் போனதில்ல. நீங்க ரெண்டே ரெண்டு பொம்பளைங்களை மாத்திட்டீங்களே!"

அதிகாரி கொஞ்சமும் கோபப்படவில்லை.

"துணிக்கு உயிர் இல்ல மேடம். அதனால அது சுலபம்" என்றார். மணி நாலரை ஆனது. ஷட்டரை இறக்கினார்.

தங்கை படிக்கட்டில் இறங்கினாள். பாதியில் உட்கார்ந்து அழுதாள். பயம்தான். நாளைக் காலை அக்காவுக்கு மயக்கம் கொடுக்குமுன் அந்த மருந்து ஏறும். அக்காவின் முகம் மறுபடியும் அப்படி ஆகும். இந்த முறை கத்துவதற்குக்கூடத் தங்கை உள்ளே இருக்க மாட்டாள். எல்லாம் யாரால்? எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை என்று சொன்னாளே, அவளால். அந்த ஒரு பொய்யை நினைத்து நினைத்து அழுதாள். பிறகு கைக்குட்டையைத் தேடிப் பைக்குள் கைவிட்டவளின் விரலில் குறிப்பேனா தட்டுப்பட்டது.

சலவை நிலையத்தில் குறி போடும் பேனா. கடைக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் அது அவள் பைக்குள்தான் இருக்கும். கொதிநீரில் அவித்தாலும், வெளுப்பு மருந்தில் ஊறப்போட்டாலும் அந்த மை அசையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: குறியை அழகான இடத்தில் போடாதே, பிரிக்கிறவன் கண் முதலில் விழும் இடத்தில் போடு.

தங்கை மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து வார்டுக்குப் போனாள். ஆறு மணிக்குப் பார்வையாளர்களைத் துரத்திவிடுவார்கள். இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கட்டிலைச் சுற்றித் திரைச்சீலையை இழுத்துவிட்டு அக்காவின் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மயக்கம் கொடுக்கிற டாக்டர் நரம்பு தேடுவது புறங்கையில்தானே. கண் முதலில் விழுவது அங்கேதான்.

"என்னடி பண்ற? நான் என்ன போர்வையா?"

"போர்வையா இருந்தா நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். ஆடாம இரு."

முதல் வரியில் "பென்சிலின் ஆகாது" என்று எழுதினாள். அதன் கீழ் அக்காவின் பெயரை எழுதினாள். இடது கையிலும் அப்படியே. அக்கா கையைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"எழுத்து கோணலா இருக்கு" என்றாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தங்கை வந்தபோது நர்ஸ் அக்காவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் சிவந்திருந்தது. எழுத்து அப்படியே இருந்தது.

"என்ன வேலைம்மா இது? ஆய்வுக்கு வர்றவங்க பார்த்தா என் தலை உருளும். என்ன மை இது, போகவே மாட்டேங்குது?"

"உங்க விரிப்புல இருக்கிற மைதான் சிஸ்டர்" என்று தங்கை கட்டிலின் விரிப்பு முனையைத் தூக்கிக் காட்டினாள். அங்கே அதே கறுப்பில், அதே கையெழுத்தில், ஆஸ்பத்திரியின் குறி இருந்தது. "மூணு வருஷத்து விரிப்பு. எத்தனை தடவை வெளுத்திருப்பீங்க? போயிருக்கா?"

நர்ஸ் விரிப்பைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். பிறகு ஒரு பெரிய பிளாஸ்திரியை எடுத்து இடது கை எழுத்தின் மேல் ஒட்டி மறைத்தாள். அடுத்ததை ஒட்டப் பிளாஸ்திரியை நீட்டி வெட்டும்போதே தள்ளுவண்டி வந்துவிட்டது. எட்டு ஒண்ணு ஏழு மூணு என்று ஆள் கத்தினான். நர்ஸ் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். வலது கை மறைபடாமலே போயிற்று. மறந்தாளா, விட்டாளா என்பது அவளுக்குத்தான் வெளிச்சம்.

தியேட்டர் வாசலில் சுவரில் ஒரு திரை. உள்ளே யாருக்கு என்ன நடக்கிறது என்று அதில் வரும். மூன்றாவது வரியில் தங்கையின் பெயர் ஓடியது: "தயார் நிலையில்." தனக்கு ஆபரேஷன் ஆகப்போவதை உட்கார்ந்து பார்க்கிற வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்குமா? பக்கத்து நாற்காலிக்காரர் பேச்சுக்கொடுத்தார்.

"யாருக்கும்மா ஆபரேஷன்?"

"எனக்குத்தான்" என்றாள் தங்கை, திரையை விட்டுக் கண் எடுக்காமல். அவர் மெல்ல எழுந்து இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை, கதவு திறந்தது. இவ்வளவு சீக்கிரம் கதவு திறந்தால் நல்ல சேதியாக இருக்காது என்று தங்கைக்குத் தோன்றியது. எழுந்து நின்றாள். வெளியே வந்தது மயக்கம் கொடுக்கிற டாக்டரம்மா. ஓய்வு பெறும் வயது, மூக்கு நுனியில் கண்ணாடி.

"அந்தக் கையில எழுதினது யாரு?"

"நான்தான் டாக்டர்."

"கடைசியா எப்பப் போட்டாங்க? என்ன ஆச்சு?"

தங்கை சொன்னாள். உதடு, கண், மூச்சு. எவ்வளவு நேரத்தில் என்று கேட்டார்; ஐந்து நிமிடம் என்றாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மருந்தை ஊசியில ஏத்தி டிரேயில வச்சாச்சு. நரம்பு பார்க்கக் கையைத் திருப்புறேன், எழுத்து. சரின்னு பேரைக் கேட்டேன். அவங்க ஒரு பேர் சொல்றாங்க, மெஷின் வேற பேர் சொல்லுது. கையில இருக்கிறது அவங்க சொன்ன பேரு. அந்த ஊசியை எடுத்துப் போட்டுட்டு வேற மருந்து கொடுத்தாச்சு. பயப்படாதீங்க."

தங்கை கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டரம்மா கதவைத் தள்ளிக்கொண்டு போகும்போது திரும்பினார்.

"முப்பது வருஷமா பேர் கேட்டுட்டுத்தான் மயக்கம் கொடுக்கிறேன். இனிமே கேட்கக் கூடாதுன்னு போன மாசம் சுற்றறிக்கை வந்துது. வயசாயிடுச்சு பாருங்க, மறந்துட்டேன்" என்றார்.

தங்கை நாற்காலியில் உட்கார்ந்து, இந்த முறை சத்தமாகவே அழுதாள். இரண்டு நாற்காலி தள்ளி இருந்தவர், ஆபரேஷன் முடிந்ததா என்று விசாரித்தார்.

மாலையில் அக்காவுக்கு நினைவு நன்றாகத் திரும்பியது. உதடு உலர்ந்திருந்தது, வாய் மட்டும் பழைய வாய்தான்.

"தலையணை" என்றாள் முதலில். தங்கை சரி செய்தாள். பிறகு, "அந்த வயசான டாக்டர் என் பேரைக் கேட்டாங்கடி. மூணு வாரமா வந்து போற இந்தக் கட்டடத்துல என் பேரைக் கேட்டது அவங்க ஒருத்தர்தான்" என்றாள்.

"என்னால வந்ததுக்கா இவ்வளவும். அன்னிக்கு நான் முதல்ல போய் உட்காராம இருந்திருந்தா..."

"வலிச்சுதுல்ல உனக்கு?"

"என்னது?"

"அந்த முகாம் ஊசி. எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லன்னியே. உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? கண்ணுல தண்ணி நின்னுச்சு, உதடு சிரிச்சுது. பாவம், நமக்காகப் பொய் சொல்லுதேன்னுதான் நானும் வந்து குத்திக்கிட்டேன்." அக்கா எழுத்திருந்த தன் கையை எடுத்துத் தங்கையின் கை மேல் வைத்தாள். "போய் முகத்தைக் கழுவிட்டு வா. பார்க்கச் சகிக்கல."

மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். தங்கை பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது அடையாளப் பிரிவு அதிகாரி வார்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பலகைக் கணினி. முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம், ஒரு நோட்டீஸ். நோயாளியின் உடம்புல அங்கீகாரம் இல்லாத அடையாளம் போட்டதுக்கு. விரலால ஒரு கையெழுத்துப் போடணும்."

"எந்தப் பேர்ல போடட்டும் சார்? அக்கா பேர்லயா, என் பேர்லயா?"

வழக்கமான நாளாக இருந்தால் அதற்கு அவரிடம் ஒரு விதி இருந்திருக்கும். இன்று பலகையைக் கட்டிலின் ஓரத்தில் வைத்துவிட்டு, வார்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, கிசுகிசுத்தார்.

"அந்தப் பேனா இன்னும் இருக்கா?"

"எதுக்கு? பறிமுதல் பண்ணணுமா?"

"இல்ல." டையைத் தளர்த்தினார். "அன்னிக்கு முகாம்ல தட்டை அடுக்கினது நான்தான். ராத்திரி பகலா சரிபார்த்து அடுக்கினேன் மேடம், ஒரு ஊசி மாறல. நீங்க வந்து சொன்னதுக்கப்புறம் சும்மா ஒரு பேச்சுக்கு எங்க அம்மாகிட்டக் கேட்டேன். அவங்க டோக்கன் நூத்தி நாற்பது. பின்னாடி ஒரு புள்ளத்தாச்சிப் பொண்ணு கால் கடுக்க நின்னுச்சாம். நீ முதல்ல போம்மான்னு இடம் விட்டுக் கொடுத்தாங்களாம்."

"நல்ல மனசு" என்றாள் அக்கா கட்டிலிலிருந்து.

"நாளைக்குக் காலையில அம்மாவுக்கு இங்க ஆபரேஷன்."

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. "இஸ்திரிப்பெட்டி வச்சுப் பார்த்தீங்களா? என்ன வருது?"

"இருபத்தாறு வயசு. ஏழாவது மாசம்." குரலை இன்னும் தாழ்த்தினார். "ஆறு மாசமா ஏழாவது மாசத்துலயே இருக்காங்க."

"நீங்கதானே சார் அதிகாரி? நீங்களே திருத்திடலாமே?"

"குழுதான் திருத்தணும்."

"குழு எப்பக் கூடுது?" என்று தங்கை கேட்டாள். தெரியாமல் கேட்கவில்லை. அவர் வாயாலேயே வரட்டும் என்று கேட்டாள்.

"அடுத்த மாசம், முதல் செவ்வாய்" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

துணிக்கு உயிர் இல்லை, அதனால் சுலபம் என்ற பேச்சைத் திருப்பிக் கொடுக்க நாக்குத் துடித்தது. மூன்று நாளாக அவள் அதை மனசுக்குள் தீட்டிவைத்திருந்தாள். ஆனால் படிக்கட்டில் தான் உட்கார்ந்து அழுத இடம் ஞாபகம் வந்தது. பைக்குள் கைவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

"உங்க அம்மா பேர் என்ன?"

"ஒன்பது ரெண்டு சைபர்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். காது மடல் சிவந்தது. பிறகு அம்மாவின் பெயரைச் சொன்னார். அந்தக் கட்டடத்துக்குள் அதை அவர் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

"புறங்கையில எழுதுங்க. டாக்டர் கண்ணு முதல்ல அங்கதான் விழும். என்ன ஆபரேஷன், எந்த மருந்து ஆகாது, எல்லாம் எழுதுங்க. அந்த வயசான மயக்க டாக்டர் இருக்கிற நாளான்னும் பார்த்துக்கோங்க."

"எழுத்து கோணலா இருக்கக் கூடாது, சொல்லு" என்றாள் அக்கா.

அதிகாரி பேனாவை வாங்கி, மூடியைத் திறந்து, எழுதிப் பார்க்கச் சுற்றுமுற்றும் ஒரு தாளைத் தேடினார். தாளில்லா ஆஸ்பத்திரியில் தாளுக்கு எங்கே போவது? கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தன் உள்ளங்கையிலேயே அம்மாவின் பெயரை மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக எழுதிப் பார்த்துக்கொண்டார்.